திருப்பிக் கொடுக்கப் போற காருக்கு சர்வீஸ் எதுக்கு?



இந்த வாரம் விரத முறையோ, தரிசன நேரமோ, கிருத்திகை தேதியோ இல்லை. கார் சர்வீஸ் பற்றி எழுதப் போறேன். சிரிக்காதீங்க. சுத்திச் சுத்தி பழனி அடிவாரத்துக்குத்தான் வந்து நிற்போம்.

ஐடியில் இருக்கிற நம்மில் நிறைய பேர் இப்போ கார் வாங்குறதில்லை, லீஸ் எடுக்கிறோம். ஆபீஸ் மூலமாவே எடுக்கலாம். சம்பளத்தில் வரி பிடிக்கிறதுக்கு முன்னாடியே மாச வாடகை கழிஞ்சிடும், அதனால் வரியில் கொஞ்சம் மிச்சம். ஆர்சியில் லீசிங் கம்பெனி பேர் இருக்கும், சாவி நம்ம கையில் இருக்கும். பெரும்பாலும் 3லிருந்து 5 வருஷம். காலம் முடிஞ்சதும் ரெண்டு வழி. ஒப்பந்தத்தில் போட்ட மிச்ச மதிப்பைக் கட்டி நம்ம பேருக்கு மாத்திக்கலாம். இல்லைன்னா சாவியைக் கொடுத்துட்டு அடுத்த புது காருக்குப் போயிடலாம்.

மாத்திக்கப் போறவங்களுக்கு இதில் குழப்பமே இல்லை, அது நாளைக்கு அவங்க வண்டி. திருப்பிக் கொடுக்கப் போறவங்களுக்குத்தான் கேள்வி: மேனுவலில் போட்டிருக்கிற சர்வீஸ் எல்லாத்தையும் நேரத்துக்குச் செய்யணுமா?

என் டீமில் ஒரு நண்பன். லீஸ் எடுத்து ஒன்றே கால் வருஷம் ஆகுது. 1,000 கிலோமீட்டரில் வர்ற முதல் ஃப்ரீ சர்வீஸுக்கு விட்டதோட சரி. ஏன்டான்னு கேட்டேன். "மச்சி, மூணு வருஷத்துல நான் ஓட்டப் போறதே மொத்தம் 25,000 கிலோமீட்டர். புது இன்ஜின். ஆயிலே மாத்தலைன்னாலும் அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது. அப்புறம் அது என் வண்டியும் இல்ல. நான் எதுக்குடா செலவு பண்ணணும்?" என்றான்.

இவன் ஏமாத்துக்காரன் கிடையாது. வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிறவன். அன்னதானத்துக்கு யார் கேட்டாலும் முதல் ஆளா ஜிபே பண்றவன். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்குள் தங்கிடுச்சு. கெட்டவன் கேட்டிருந்தா "பாவம்டா" என்று சொல்லிட்டு நகர்ந்திருப்பேன்.

இன்னொரு சங்கடம், அவன் கணக்கு பெரும்பாலும் சரி. இப்போ வர்ற இன்ஜின்கள் உறுதியானவை. மூணு வருஷம் கவனிக்காம விட்டாலும் அந்த மூணு வருஷத்துக்குள் படுத்துடும்னு சொல்ல முடியாது. வாரண்டி போயிடும், ஒப்பந்தத்தில் சர்வீஸ் கட்டாயம்னு எழுதியிருக்கும், திருப்பிக் கொடுக்கும்போது சர்வீஸ் பில் கேட்பாங்க, அபராதம் போடுவாங்க என்றெல்லாம் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனா அது மாட்டிக்குவோம்ங்கிற பயம். யாரும் பார்க்கப் போறதில்லை, யாரும் கேட்கப் போறதில்லைன்னு வெச்சுப்போம். அப்பவும் செய்யணுமா? இந்த இடத்தில்தான் கேள்விக்கு உயிர் இருக்கு.

முதலில் இன்ஜினுக்குள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துடுவோம். இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதுவாவது பயன்படட்டும்.

இன்ஜின் ஆயில் வழுக்கிவிடுறதோட நிறுத்திக்கிறதில்லை. சூட்டைக் கடத்தும். எரிஞ்சு மிஞ்சின கரியைத் தனக்குள் தாங்கி வெச்சுக்கும். எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறிக்கும். இதுக்காகவே ஆயிலில் சில சேர்மானங்கள் கலந்திருக்கும். ஆயில் அளவு குறையாம இருந்தாலும் இந்தச் சேர்மானங்கள் தீர்ந்துக்கிட்டே வரும். தீர்ந்த பிறகும் வண்டி ஓடும், டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. ஆனா ஆயில் கெட்டியாகி, கறுப்புக் கசடா உள்ளே படிய ஆரம்பிக்கும். ஆயிலை உறிஞ்சுற சல்லடையை அந்தக் கசடு மெல்ல அடைக்கும். டர்போ வண்டின்னா இன்னும் மோசம். டர்போவோட தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல்கூட சுத்தும், அதைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலம்தான்.

இங்கே விற்கிற நிறைய பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருதோ அதுதான் ஆயில் மாத்துற கணக்கு. "நான் 7,000 தானே ஓட்டினேன்" என்று சொல்றவங்க கிலோமீட்டரை மட்டும் படிச்சவங்க. ஒரு சின்னக் கணக்கு போடுங்க. ஓஎம்ஆர் நெரிசலில் தினமும் ஆபீஸ் போய் வர 22 கிலோமீட்டர், அதுக்கு 2 மணி நேரம். மணிக்கு 11 கிலோமீட்டர் வேகம். அந்தக் கணக்கில் 10,000 கிலோமீட்டர் போக இன்ஜின் கிட்டத்தட்ட 900 மணி நேரம் ஓடியிருக்கும். அதே தூரத்தை நெடுஞ்சாலையில் 70இல் போனா 143 மணி நேரம்தான். மீட்டர் ரெண்டையும் ஒரே நம்பராத்தான் காட்டும். இன்ஜினுக்கு மட்டும் ஆறு மடங்கு வித்தியாசம் தெரியும். இப்படி ஓட்டுறவங்க இன்னும் சீக்கிரமாவே ஆயில் மாத்தணும்னு பல மேனுவல்களில் தனியா ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்க குறைவு.

நண்பனோட கணக்கு தப்பாகிற ஒரு இடமும் உண்டு. பிரேக் ஆயில். அது காத்திலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. வண்டி சும்மா நின்னாலும் உறிஞ்சும். டாட் 3 ரகம்னா புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தா 140 வரை இறங்கலாம். டாட் 4 ரகத்துக்கு 230, 155. அதனால்தான் 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்லிப் பல மேனுவல்களில் இருக்கும். சிட்டிக்குள் ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது.

ஆனா நாம எல்லாம் பழனி போறவங்க. மலையேறி ஆண்டவரைப் பார்த்துட்டு, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவரையும் பார்த்துடலாம்" என்று வண்டியைத் திருப்புவோம். 60 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. ஏறும்போது ஒண்ணும் இல்லை. இறங்கும்போது வண்டி நிறைய ஆள், டிக்கி நிறைய பஞ்சாமிர்த டப்பா, கால் முழுக்க பிரேக்கிலேயே இருக்கும். பிரேக் சூடாகி, அந்தச் சூடு ஆயிலுக்குப் போய், ஈரம் சேர்ந்த ஆயில் கொதிச்சா ஆவிக் குமிழி வரும். குமிழியை அழுத்தினா அமுங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் தரை வரைக்கும் இறங்கும். (இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வரணும் என்பது தனிப் பாடம். பெட்ரோல் மிச்சம் பண்ண நியூட்ரலில் விடுறவங்களை அந்தப் பழனியாண்டவர்தான் காப்பாத்தணும்.) இந்த ஆபத்து மூணு வருஷத்துக்குள்ளேயே, நம்ம காலத்திலேயே, அம்மா அப்பா பின் சீட்டில் இருக்கும்போதே வரலாம். இதை மாத்த ஆகிற செலவு, வழியில் ஒரு நல்ல ஹோட்டலில் நாலு பேர் சாப்பிடுற காசு.

புது கார் எடுத்த அன்னைக்கு நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தினோம். கண்ணாடியில் வேல் தொங்குது. "முருகன் பார்த்துப்பார்" என்ற நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனா மேனுவலை மடிச்சு வெச்சுட்டு அந்த வார்த்தையைச் சொன்னா, நம்ம வேலையை அவர் தலையில் ஏத்துற மாதிரி எனக்குப் படுது.

சரி, பிரேக்கை மட்டும் நேரத்துக்குப் பார்த்துக்கிறான்னு வெச்சுப்போம். மிச்சம் இன்ஜின். அதில் சேதம் நடந்தாலும் பெரும்பாலும் 70,000, 80,000 கிலோமீட்டரில்தான் வெளியே தெரியும். அப்போ வண்டி யார்கிட்ட இருக்கும்?

"கம்பெனி பெரிய கம்பெனிடா, அவனுக்கு என்ன நஷ்டம்?" என்று நண்பன் கேட்டதும் இதனால்தான். உண்மையிலேயே கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் இல்லாமல் போகலாம். திரும்பி வர்ற வண்டியை அவங்க மொத்தமா ஏலத்தில் விடுவாங்க. வியாபாரி எடுப்பார், பாலிஷ் போடுவார். பெயிண்ட், டயர், மீட்டர் எல்லாம் பார்ப்பாங்க. இன்ஜினைப் பிரிச்சு யாரும் பார்க்க மாட்டாங்க. கசடு கைமாறி கைமாறி வரிசையில் கடைசியா நிற்கிறவர்கிட்ட போய்ச் சேரும். அவர் யாரா இருப்பார்? முதல் கார் வாங்குற குடும்பமா இருக்கலாம், ஒரே வண்டியை டிராவல்ஸில் ஓட்டிப் பிழைக்கிறவரா இருக்கலாம். புதுசுக்கு ஈஎம்ஐ கட்ட முடியாததால்தானே பழசுக்கு வந்தார். அந்த வரிசையில் அதிக சம்பளம் வாங்குற ஆள் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்க, குறைவா சம்பாதிக்கிற ஆள் அதைப் பல மடங்கா இன்ஜின் வேலைக்குக் கட்டுறார்.

அவர் நம்மைத் திட்டக்கூட முடியாது, யாருன்னே தெரியாது. பேர் சொல்லாம உண்டியலில் போடுறதை நாம உயர்வா பேசுறோம். பேர் சொல்லாம ஒருத்தர்கிட்ட இருந்து எடுத்துக்கிறதுக்கு என்ன பேர் வைக்கிறது?

"நான் கட்டுற வாடகையிலேயே தேய்மானம் சேர்ந்திருக்குடா" என்பது அவனோட அடுத்த வாதம். இது நல்ல வாதம், ரெண்டு நாள் யோசிச்சேன். வாடகையில் தேய்மானம் இருக்கு, சந்தேகமே இல்லை. ஆனா வண்டியோட மிச்ச மதிப்பை முதல் நாளே போட்டுடுறாங்க. நேரத்துக்கு சர்வீஸ் பண்ணி ஓடின வண்டி இவ்வளவு பெறும்னுதான் போடுறாங்க. வாடகை வீட்டில் அஞ்சு வருஷத்தில் சுண்ணாம்பு வெளுக்கும், அது தேய்மானம். குழாய் ஒழுகி சுவருக்குள் ஊறுறதைப் பார்த்தும் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, அட்வான்ஸை வாங்கிட்டுக் காலி பண்ணிட்டுப் போனா அதை யாரும் தேய்மானம்னு சொல்ல மாட்டோம்.

நம்ம தொழிலில் இது புதுசு இல்லை. ப்ராஜெக்ட்டை விட்டுப் போறவர் "அடுத்த டீம் பார்த்துக்கும்" என்று ஒட்டுப் போட்டுட்டுப் போவார். ஆறு மாசம் கழிச்சு ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்ததும், அந்த வரியை எழுதினது யாருன்னு தேடிப் பிடிச்சு அவரோட ஏழு தலைமுறையையும் அர்ச்சனை பண்ணுவோம். நண்பனும் பண்ணியிருக்கான், நான் பக்கத்து சீட்டில் இருந்து கேட்டிருக்கேன்.

இப்போ பழனிக்கு வருவோம். இடும்பன் கதை உங்களுக்கே தெரியும், ஆனாலும் இந்தக் கேள்வியோட ஒரு தடவை படிச்சுப் பாருங்க. சிவகிரி, சக்திகிரி என்று ரெண்டு மலை. அகத்தியருக்குக் கிடைச்சது. பொதிகைக்குக் கொண்டுபோகணும், தூக்க ஆள் வேணும். சூரபத்மன் போரில் தப்பிப் பிழைச்ச அசுரன் இடும்பன் அந்த வேலையை ஏத்துக்கிறார். பிரம்ம தண்டம் தண்டா ஆகுது, பாம்புகள் கயிறா ஆகுது, ரெண்டு பக்கமும் மலையைக் கட்டித் தோளில் வெச்சுக்கிட்டு நடக்கிறார். திருவாவினன்குடியில் இளைப்பாற இறக்கி வைக்கிறார். மறுபடி தூக்கினா வரலை. மேலே பார்த்தா கோவணத்தோட ஒரு சின்னப் பையன், "இது என் மலை" என்கிறான்.

அந்த இடத்தில் நம்ம கணக்கைப் போட்டுப் பார்த்தா என்ன வரும்? மலை இடும்பனோடது இல்லை. பொதிகையில் அவருக்கு வீடு கட்டித் தரப் போறதும் இல்லை. "உன் மலைன்னா நீயே வெச்சுக்கோப்பா, எனக்கு முதுகு வலி மிச்சம்" என்று இறக்கி விட்டுட்டுப் போயிருக்கலாம். போகலை. ஒருத்தர் நம்பி ஒப்படைச்சதுக்காக அந்தப் பையனோட மல்லுக்கு நிற்கிறார், உயிரையே விடுறார். இடும்பி கண்ணீர்விட்டு வேண்ட, முருகன் எழுப்புகிறார், காவல் பொறுப்பைக் கொடுக்கிறார், இவரைப் போலக் காவடி சுமந்து வர்றவங்களுக்கு அருள் செய்றேன்னு வரமும் தர்றார். இன்னைக்கும் படியேறும்போது இடும்பனைக் கும்பிட்டுட்டுத்தான் மேலே போறோம்.

நாம எடுக்கிற காவடிக்கு மூலமே, தனக்குச் சொந்தமில்லாத சுமையைத் தோளில் வெச்சுக்கிட்டு நடந்த ஒருத்தர்தான். இவ்வளவு வருஷமா காவடி பார்த்தும் இது எனக்கு உறைச்சது இந்த கார் சண்டையில்தான். கடைசியில் பார்த்தா அந்த மலை அகத்தியருக்கும் சொந்தமில்லை, முருகனோட மலை. சொந்தம் யாருதுங்கிற கணக்கு மாறிக்கிட்டே இருந்தது. இடும்பன் அதைக் கேட்டுக்கிட்டுத் தோள் கொடுக்கலை.

யாருக்கும் தெரியாத வேலை என்பதற்கும் கோவிலிலேயே உதாரணம் இருக்கு. கும்பாபிஷேகம் 12 வருஷத்துக்கு ஒரு தடவை என்பது மரபு. அதை ஊரே கூடி கோபுரத்தில் நீர் ஊத்துற விழாவாத்தான் நமக்குத் தெரியும். ஆனா அதுக்கு முன்னாடி மூலவரைப் பீடத்தோட பிணைச்சு வைக்கிற அஷ்டபந்தன மருந்தைப் புதுசா சாத்துவாங்க. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருள். இடிச்சு இடிச்சுப் பதம் வர வைக்கணும், கை விட்டுப்போகும். சாத்தின பிறகு அது பீடத்துக்கும் சிலைக்கும் நடுவில் போயிடும், தரிசனத்துக்கு வர்ற யார் கண்ணுக்கும் படாது. பழைய மருந்து இறுகி விரிசல் விட்டா அபிஷேகத் தண்ணீர் அடியில் இறங்கும், அவ்வளவுதான் விஷயம். இடிச்சவருக்குக் கோவில் சொந்தமா? இல்லை. அடுத்த தடவை சாத்தும்போது அவர் இருப்பாரா? தெரியாது.

நேரம் தள்ளிப் போறதும் உண்டு, அதையும் ஒத்துக்கணும். பழனியில் 2006இல் நடந்த கும்பாபிஷேகத்துக்கு அடுத்தது 2023 ஜனவரி 27இல்தான் நடந்தது. 12 வருஷம் தாண்டிடுச்சு, ஆனா விட்டுடலை. அதனால், கையில் காசில்லாத மாசம் சர்வீஸை ரெண்டு வாரம் தள்ளிப் போடுறவங்களை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். "செய்யவே போறதில்லை" என்று முதல் நாளே முடிவு பண்றதைப் பற்றித்தான் இவ்வளவும்.

இன்னொண்ணு. கடமைன்னு சொன்னதும் சர்வீஸ் சென்டரில் நீட்டுற லிஸ்ட் முழுக்கக் கையெழுத்துப் போடணும்னு அர்த்தம் இல்லை. இன்ஜின் டீகார்பனைசிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், உள்ளே நுரை போட்டுக் கழுவுறது, மேலே கோட்டிங் என்று அட்வைசர் வரிசையா டிக் அடிச்சுட்டே போவார். மேனுவலைக் கையில் எடுத்துட்டுப் போங்க. அதில் இந்தக் கிலோமீட்டருக்கு என்ன போட்டிருக்கோ அது நம்ம பொறுப்பு. அதில் இல்லாததை எதுக்குன்னு கேளுங்க, சரியான பதில் வரலைன்னா "வேண்டாங்க" என்று சிரிச்சுட்டே சொல்லிடுங்க. அடிவாரத்தில் "ஸ்பெஷலா கூட்டிட்டுப் போறேன் சார்" என்று பின்னாடியே வர்றவங்களுக்குச் சொல்ற அதே பதில். இடும்பன் மலையைத் தூக்கினார், மலைக்கு செராமிக் கோட்டிங் அடிக்கலை.

நண்பன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். முழுசா ஒத்துக்கலை. "இடும்பனுக்கு குரு சொன்னாருடா, எனக்கு யாரு சொன்னா?" என்றான். "கையெழுத்துப் போட்டியேடா" என்றேன். அப்போதான் ரெண்டு பேரும் அவனோட லீஸ் பேப்பரை எடுத்துப் படிச்சோம். மாச வாடகையிலேயே மெயின்டனன்ஸ் சேர்ந்திருக்கு. ஒன்றே கால் வருஷமா சர்வீஸுக்கும் சேர்த்தே பணம் கட்டியிருக்கான்! கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அது சரி மச்சி, ஆனா சனிக்கிழமை அரை நாள் போயிடுமே" என்றான். இவ்வளவு நேரம் பணம், தேய்மானம், கம்பெனி என்று நாங்க போட்ட சண்டைக்கு அடியில் இருந்தது ஒரு சனிக்கிழமை காலைத் தூக்கம். வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துட்டுப் போற வசதி இருக்கான்னு விசாரிச்சுக்கிட்டிருக்கான், பார்ப்போம்.

உங்களில் யாராவது லீஸ் எடுத்திருந்தா, மெயின்டனன்ஸ் யார் செலவு, திருப்பிக் கொடுக்கும்போது என்னென்ன பார்ப்பாங்க என்று அந்தப் பேப்பரில் இன்னைக்கே ஒரு தடவை பார்த்துடுங்க. சர்வீஸ் பில்களை ஒரு கவரில் போட்டு டாஷ்போர்டிலேயே வைங்க. ஏலம், வியாபாரி எல்லாம் தாண்டி அந்தக் கவர் கடைசி ஆள் கைக்குப் போய்ச் சேருமான்னு உறுதி இல்லை, நான் வெச்சுட்டுத்தான் இருக்கேன். என் வண்டியும் லீஸ்தான், திருப்பிக் கொடுக்கப் போறதுதான். பிரேக் ஆயிலுக்கு 2 வருஷம் வர்ற தை மாசத்தோட முடியுது. தைப்பூசத்துக்கு நடந்து வர லீவு கிடைக்கலை, வண்டியில்தான் வரணும், அப்படியே குறிஞ்சி ஆண்டவரையும் பார்க்கணும். அதனால் மார்கழியிலேயே மாத்தச் சொல்லி சனிக்கிழமை காலை 9 மணிக்கு புக் பண்ணியாச்சு.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்.